உடையார்குடிக் கல்வெட்டும் ஒரு மூளைத் துண்டும்

இது நீளமான பதிவு. போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று புரியும். மாணவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் இறந்த பிறகு என் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன், எல்லோரும் என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டு ஒரு செய்தி போட்டேன். தம்பி உடனே, "நம்ம குடும்பத்துல யாரும் இப்படிப் பண்ணது இல்லக்கா, உடம்பு முழுசாப் போவணும்" என்று எழுதினான். சித்தி மகள் அழுகிற பொம்மையைப் போட்டாள். என் பெரியவன் படித்துவிட்டு ஒன்றும் எழுதவில்லை. நாலு வரியில் பதில் போட எனக்கு வரவில்லை. முப்பத்தைந்து வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவள், அதனால் முதலிலிருந்துதான் சொல்ல வரும்.

நம் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்த எல்லோரையும் ஒரு முறையாவது உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயிலுக்கு நடத்திக்கொண்டு போயிருக்கிறேன். அங்கே ராஜராஜ சோழனின் 2-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைச் சொல்லி, அவர்களுடைய நிலத்தையும் அவர்கள் உறவுக்காரர்களின் நிலத்தையும் பறித்த செய்தி அதில் வருகிறது. "டீச்சர், இவங்க மட்டும்தானா? பின்னால யாரு இருந்தா?" என்று ஒவ்வொரு வருஷமும் ஒரு பையனாவது கேட்பான். கல்வெட்டு அதைச் சொல்லவில்லை. பெயர்கள் ஒரே கல்லில் இருக்கின்றன. யார் யாரைச் சந்தித்தார்கள், எங்கே பேசிவைத்தார்கள் என்பது கல்லில் இல்லை. நாவலாசிரியர்களும் வரலாற்று ஆசிரியர்களும் இன்றுவரை அதற்காகச் சண்டை போடுகிறார்கள்.

மறதி நோய் ஆராய்ச்சியிலும் நூறு வருஷத்துக்கு மேலாக இதே சிக்கல்தான். குற்றவாளிகள் என்று சந்தேகிக்கப்படும் புரதங்களின் பெயர்கள் தெரியும். அவை ஒன்றையொன்று எங்கே சந்திக்கின்றன என்பதுதான் தெரியாமல் இருந்தது. அதை மனித மூளைத் துண்டிலேயே பார்க்கக் கற்றுக்கொண்ட கதையைத்தான் சொல்லப் போகிறேன். ஆனால் அதற்கு முன்னால் அம்மா.

அம்மாவுக்கு 2003 வாக்கில் மறதி தொடங்கியது. பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால் வீராணத்தில் எந்த மதகைத் திறந்தால் எந்த வாய்க்காலில் எத்தனை நாளில் தண்ணீர் வரும் என்று அப்பாவுக்கே சொல்லிக் கொடுப்பார். முதலில் குழம்பில் இரண்டு முறை உப்பு போட்டார். பிறகு உப்பு ஜாடியையே வைக்கோற்போரில் கொண்டுபோய் ஒளித்து வைத்தார். சாயங்காலம் ஆனால் மூட்டை கட்டிக்கொண்டு "ஊருக்குப் போவணும்" என்று வாசலில் நிற்பார். இதுதாம்மா ஊரு என்றால் கோபம் வரும். காத்து கருப்பு என்று சொல்லி மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஒரு டாக்டரிடம் காட்டினோம். "வயசானா இப்படித்தாம்மா, தூக்கத்துக்கு மாத்திரை தர்றேன்" என்றார். அவரை நான் குறை சொல்லவில்லை, அறிவியல் பாடம் எடுத்த எனக்கே அது ஒரு நோய் என்று தெரியவில்லை. தொலைந்துபோன பாசுரங்களைத் தேடித் தொகுத்த நாதமுனிகள் பிறந்த ஊரில், என் தாய் தன் பெயரைத் தொலைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

2009 அக்டோபரில் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணனுக்கு வேதியியல் நோபல் பரிசு என்று செய்தி வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கைதட்டவைத்தேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மாவுக்குச் சாதம் ஊட்டும்போது, "நீ யாரு ஊட்டுப் பொண்ணும்மா? நல்லா இருப்ப" என்றார். அடுத்த மாதம் இறந்துவிட்டார். கொள்ளிடக்கரையில் எரித்தோம். எந்த நோயால் இறந்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அல்சைமரா, மூளை ரத்தக்குழாய் அடைப்பா, இரண்டும் கலந்ததா? மூளையைத் திறந்து பார்த்திருந்தால் மட்டுமே உறுதியாகச் சொல்லியிருக்க முடியும்.

இப்போது ஜெர்மனிக்குப் போவோம். 1901 நவம்பர் 25-ஆம் தேதி, பிராங்பர்ட் நகர மனநோய் மருத்துவமனையில் அகுஸ்தே டேட்டர் என்ற பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். வயது 51. கணவர் ரயில்வேயில் எழுத்தர். அங்கே இருந்த டாக்டர் அலாய்ஸ் அல்சைமர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்டு, பதிலை அப்படியே எழுதி வைத்தார். உன் பெயர்? அகுஸ்தே. குடும்பப் பெயர்? அகுஸ்தே. கணவர் பெயர்? அதற்கும் அகுஸ்தே என்றுதான் நினைக்கிறேன் என்றாள். காலிபிளவரும் பன்றி இறைச்சியும் தின்றுகொண்டே, கீரை சாப்பிடுகிறேன் என்றாள். தன்னையே தொலைத்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னதும் குறிப்பில் இருக்கிறது. நான் அந்தப் பகுதியைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அகுஸ்தே 1906 ஏப்ரல் 8-ஆம் தேதி இறந்தாள். அதற்குள் அல்சைமர் மியூனிக் நகருக்கு மாறிவிட்டார். இருந்தாலும் பழைய மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டு, அவளுடைய மூளையையும் நோயாளிக் கோப்பையும் வரவழைத்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கவேண்டும். ஈரமான மூளை தயிர்க்கட்டி மாதிரி, கத்தி வைத்தால் குழையும். அதை வெட்டும்படி இறுக்கிக் கொடுத்தது ஃபார்மலின். அதுவும் பிராங்பர்ட் கண்டுபிடிப்புதான். 1893-இல் ஃபெர்டினாண்ட் புளூம் என்ற மருத்துவர் கிருமிநாசினியாக அதைச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் தோல் விறைத்துப்போவதைக் கவனித்தார். விரல் விறைத்தால் எரிச்சலாகிக் கழுவிவிட்டுப் போவோம். அவர் திசுவைப் பதப்படுத்த இது உதவுமே என்று யோசித்தார். சாயத் தொழிற்சாலைகள் நிறைந்த நாடு என்பதால் நரம்பணுக்களுக்குச் சாயம் ஏற்றுவதிலும் அவர்களுக்குப் பஞ்சமில்லை. அல்சைமரின் நண்பர் பிரான்ஸ் நிசில் ஒரு முறையைக் கொடுத்தார். பெர்லினில் மாக்ஸ் பீல்ஷோவ்ஸ்கி வெள்ளி நைட்ரேட்டை வைத்து நரம்பணுவுக்குள் இருக்கும் இழைகளைக் கறுப்பாகக் காட்டும் முறையைக் கொண்டுவந்தார். ஆய்வகத்தில் கையில் பட்டால் கறுத்துப்போகும் என்று உங்களைத் திட்டியிருக்கிறேனே, அதே வெள்ளி நைட்ரேட்.

அந்த வெள்ளிச் சாயத்தில் அல்சைமர் இரண்டு விஷயங்களைப் பார்த்தார். நரம்பணுக்களுக்கு வெளியே படிந்திருந்த கட்டிகள், உள்ளே முறுக்கிக்கொண்ட நூல் சிக்கல்கள். 1906 நவம்பர் 3-ஆம் தேதி டூபிங்கன் நகரில் மருத்துவர்கள் கூட்டத்தில் இதைச் சொன்னார். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அடுத்த பேச்சாளரைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாடம் எடுத்துவிட்டு "சந்தேகம் இருக்கா?" என்று கேட்டால் வகுப்பே அமைதியாக உட்கார்ந்திருக்குமே, அந்த வேதனை எனக்குத் தெரியும். 1910-இல் அவருடைய தலைமைப் பேராசிரியர் கிரேப்பலின் தன் பாடநூலில் "அல்சைமர் நோய்" என்று பெயர் வைத்தார். அதன் பிறகு பல பத்தாண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ஐம்பது வயதில் வந்தால் நோய், எண்பது வயதில் வந்தால் முதுமை என்று டாக்டர்களே பிரித்து வைத்திருந்தார்கள். எங்கள் டாக்டர் சொன்ன "வயசானா இப்படித்தான்" அங்கிருந்து வந்ததுதான்.

1963-இல் லண்டனில் மைக்கேல் கிட் அந்த நூல் சிக்கலை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டு இழைகள் ஒன்றையொன்று சுற்றிய முறுக்கு என்றார். 1984-இல் அமெரிக்காவில் ஜார்ஜ் கிளென்னரும் கெயின் வாங்கும் இறந்தவர்களின் மூளையுறை ரத்தக்குழாய்களிலிருந்து ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதுதான் இன்று அமிலாய்டு பீட்டா என்று சொல்வது, வெளியே படிந்த கட்டிகளின் மூலப்பொருள். உள்ளே இருக்கும் சிக்கலின் மூலப்பொருள் டவ் என்ற வேறொரு புரதம் என்று 1986-இல் காலித் இக்பாலும் அவர் மனைவி இங்கே குருண்ட்கே-இக்பாலும் நியூயார்க்கில் காட்டினார்கள். கிளென்னர் 1995-இல் இறந்தது எதனால் தெரியுமா? இதயத்தில் வேறொரு வகை அமிலாய்டு படிந்து. வாழ்நாள் முழுக்க எதைத் துரத்தினாரோ அதன் உறவுக்காரனே வந்து கொண்டுபோனான்.

அதே 1995-இன் கடைசியில் பிராங்பர்ட்டில் அகுஸ்தேயின் கோப்பு, நீல நிற அட்டைக்குள், தொண்ணூறு வருஷம் கழித்துக் கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் மியூனிக்கில் அவளுடைய மூளைத் துண்டுகள் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடுகளும் கிடைத்தன. புதிய கண்ணோடு அவற்றைப் பார்த்தார்கள். கட்டியும் இருந்தது, சிக்கலும் இருந்தது. 2013-இல் ஓர் ஆய்வகம் அதிலிருந்து மரபணுவைப் படித்துப் பரம்பரைக் கோளாறு ஒன்றைக் கண்டதாகச் சொன்னது. மறுவருஷமே இன்னொரு ஆய்வகம் சோதித்துவிட்டு, எங்களுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை என்றது. அந்தச் சண்டை இருக்கட்டும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பெண் இறந்தபோது மரபணு என்றால் என்னவென்றே யாருக்கும் தெரியாது. அவள் விட்டுப்போன துண்டு, கேட்கத் தெரியாத கேள்விக்காகக் காத்துக்கொண்டிருந்தது. கல்வெட்டும் அப்படித்தானே? வெட்டியவன் நில விவகாரத்துக்காக வெட்டினான், நாம் கொலை வழக்குக்காகப் படிக்கிறோம்.

புரதம் என்றால் பருப்பு, முட்டை என்று ஆறாம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அது பாதிதான். புரதம் என்பது நீளமான சங்கிலி. அது சரியாக மடிந்தால் வேலை செய்யும், தவறாக மடிந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு குப்பையாகும். சங்கிலி எப்படியெல்லாம் மடிய முடியும், எப்படி முடியாது என்று வரைபடம் போட்டுக் கொடுத்தவர் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி. என். ராமச்சந்திரன். 1963-இல் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் இருவரோடும் சேர்ந்து வெளியிட்டார். இன்றும் உலகில் எந்த ஆய்வகம் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டாலும் ராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். நோபல் கிடைத்திருக்க வேண்டிய மனிதர் என்று பலர் சொல்வார்கள், நானும் அந்தக் கட்சி. கடைசிக் காலத்தில் அவரைப் பார்க்கின்சன் நோய் பீடித்தது. 2001-இல் சென்னையில் காலமானார். பார்க்கின்சன் நோயிலும் மூளைக்குள் ஒரு புரதம், ஆல்ஃபா சைனியூக்ளின் என்று பெயர், தவறாக மடிந்து திரள்கிறது. அதை 1997-இல் கண்டுசொன்னவர்களில் ஒருவர் மைக்கேல் கோடெர்ட். அவர் இருப்பது இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில். நம் வெங்கி ராமகிருஷ்ணன் வேலை செய்யும் அதே ஆய்வகம். (மூன்று வயதில் ஊரைவிட்டுப் போனவரை 'நம்' என்று சொல்ல எனக்கும் கூச்சம்தான். ஆனால் சிதம்பரம் இருபத்தைந்து கிலோமீட்டர். விடமுடியுமா?)

அந்த ஆய்வகத்தில் 2017-இல் கோடெர்ட்டும் ஷெரஸ் என்பவரும் தங்கள் குழுவோடு, அல்சைமரால் இறந்த ஒரு பெண்மணியின் மூளையிலிருந்து டவ் இழைகளைப் பிரித்து, உறையவைத்து, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அணு அணுவாக வடிவத்தைக் கண்டார்கள். ஆங்கில எழுத்து 'சி' மாதிரி வளைந்த அடுக்குகள். அல்சைமர் 1906-இல் கறுப்பு நூலாகப் பார்த்தது, நூற்றுப் பதினோரு வருஷம் கழித்து அணுக்களாகத் தெரிந்தது.

ஆக, பெயர் தெரிந்தது, முகமும் தெரிந்தது. சந்திப்புதான் பாக்கி.

நினைவு போவது நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசும் சந்திப்புகள் அழிவதால். அவற்றுக்கு சினாப்ஸ் என்று பெயர். நோயாளியின் மறதி எவ்வளவு என்பதோடு நெருக்கமாகப் பொருந்துவது சினாப்ஸ் இழப்புதான். கட்டி எத்தனை என்று எண்ணினால் அவ்வளவு பொருந்துவதில்லை. அப்படியானால் அமிலாய்டு பீட்டா சினாப்ஸில் வந்து எந்தப் புரதத்தின் கையைப் பிடிக்கிறது? எலியிலும் ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களிலும் நிறைய பெயர்களைச் சொன்னார்கள். ஆனால் எலிக்குத் தானாக அல்சைமர் வராது, மனித மரபணுவைப் புகுத்தித்தான் வரவழைக்கிறார்கள். மனிதனில் என்ன நடக்கிறது என்று மனித மூளையில்தான் பார்க்கவேண்டும்.

பழைய முறை ஒன்று உண்டு. மூளைத் துண்டை அரைத்துக் கரைசலாக்கி, ஒரு புரதத்தைப் பிடித்து இழுத்தால் கூடவே யார் வருகிறார்கள் என்று பார்ப்பது. நல்ல முறைதான். ஆனால் அரைத்தபிறகு எந்த இடத்தில் சேர்ந்திருந்தார்கள் என்பது போய்விடும். உயிரோடு இருந்தபோது சந்திக்காதவர்கள் அரைக்கும்போது ஒட்டிக்கொள்ளவும் கூடும். திருவிழாக் கூட்டத்தில் முன்பின் தெரியாத இரண்டு பேர் நெருக்கியடித்து நிற்பதைப் பார்த்து, இவர்கள் கூட்டாளிகள் என்று போலீஸ் பிடித்துப்போன மாதிரி.

இன்னொரு முறை, துண்டின்மேல் இரண்டு புரதங்களுக்கும் இரண்டு நிறச் சாயம் ஏற்றிப் பார்ப்பது. சிவப்பும் பச்சையும் ஒரே புள்ளியில் விழுந்தால் மஞ்சளாகத் தெரியும். இதிலும் ஓட்டை உண்டு. சாதாரண ஒளி நுண்ணோக்கிக்கு ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் கீழே பிரித்துப் பார்க்க முடியாது என்று எர்ன்ஸ்ட் அபே 1873-லேயே சொல்லிவிட்டார். ஒரு புரதமோ சில நானோமீட்டர்தான். மஞ்சள் புள்ளி சொல்வதெல்லாம், இருவரும் ஒரே தெருவில் குடியிருந்தார்கள் என்பதுதான். ரவிதாசன் இருந்த தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் கொலைகாரர்களா?

இதற்கு வழி 1948-இலேயே ஜெர்மன் விஞ்ஞானி தியோடர் ஃபோர்ஸ்டர் கணக்குப் போட்டு வைத்திருந்தார். இசைக்கவைச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? ஒரு இசைக்கவையைத் தட்டினால், பக்கத்தில் அதே சுருதியில் இருக்கும் இன்னொன்று தானாக அதிரும். ஒத்ததிர்வு என்று எழுதிக்கொடுத்தேன். ஒளிரும் சாயங்களிலும் இது நடக்கிறது. முதல் சாயத்துக்கு மட்டும் ஒளி கொடுக்கிறோம். இரண்டாவது சாயம் மிகப் பக்கத்தில் இருந்தால் அந்தச் சக்தியை வாங்கிக்கொண்டு அது தன் நிறத்தில் ஒளிரும். மிகப் பக்கம் என்றால் சுமார் 10 நானோமீட்டருக்குள். தூரம் இரண்டு மடங்கானால் சக்தி கைமாறும் வேகம் அறுபத்து நான்கில் ஒரு பங்காகிவிடும். அதாவது தெருவில் இருந்தால் போதாது, ஒரே திண்ணையில் தோள் உரச உட்கார்ந்திருக்க வேண்டும். 1967-இல் ஸ்ட்ரையரும் ஹாக்லண்டும் இதையே மூலக்கூறுகளின் தூரத்தை அளக்கும் அளவுகோலாகப் பயன்படுத்திக் காட்டினார்கள். இந்த அளவுகோலை இறந்த மனிதனின் மூளையில், ஒவ்வொரு சினாப்ஸாக வைத்துப் பார்க்கப் பல பத்தாண்டுகள் ஆயின.

ஸ்காட்லாந்தில் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தாரா ஸ்பயர்ஸ்-ஜோன்ஸ் என்ற பேராசிரியையின் குழு 2024-இல் வெளியிட்ட ஆய்வில் அதைச் செய்திருக்கிறார்கள். தானம் கொடுத்தவர்களின் பொட்டுப் பகுதி மூளையிலிருந்து சிறு துண்டை எடுத்து, பிசினில் பதித்து, வைரக் கத்தியால் 70 நானோமீட்டர் தடிமனில் சீவுகிறார்கள். நம் தலைமுடி ஒன்றின் தடிமனை ஆயிரம் ஏடாகச் சீவினால் ஒரு ஏடு எவ்வளவோ, அவ்வளவு. ஏடுகளை வரிசை மாறாமல் கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்துக் கணினியில் மறுபடி அடுக்குகிறார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சினாப்ஸ் முனைகளைப் பார்த்தார்களாம். எத்தனை பேருடைய மூளையிலிருந்து? அல்சைமர் இருந்தவர்கள் 11 பேர். இல்லாதவர்கள் 9 பேர்.

கிடைத்த விடை: அமிலாய்டு பீட்டா சினாப்ஸில் டிஎம்இஎம்-97 என்ற சவ்வுப் புரதத்தோடு தோள் உரச உட்கார்ந்திருக்கிறது. சினாப்ஸின் வாங்கும் பக்கத்தில் வேறு இரண்டு புரதங்களோடும் அந்த ஒளி தெரிந்தது. நோயாளிகளில் இந்த டிஎம்இஎம்-97 இருக்கும் சினாப்ஸ்கள் கூடுதல். பரிசோதனையில் இருந்த ஒரு மருந்தை எலிகளுக்குக் கொடுத்தபோது, மருந்தின் அளவு கூடக்கூட அந்தச் சந்திப்பின் ஒளி குறைந்தது.

உடனே மருந்து வந்துவிட்டது என்று யாரும் ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள். சாயத்தைச் சுமந்து போய்ப் புரதத்தில் ஒட்டும் எதிர்ப்பொருளுக்கே 10 நானோமீட்டர் அளவு நீளம் உண்டு. ஆகவே மிக அருகில் என்று சொல்லலாம், கையைப் பிடித்தது என்று சத்தியம் செய்ய முடியாது. பக்கத்தில் உட்கார்ந்ததுதான் குற்றத்துக்குக் காரணமா என்பது அடுத்த கேள்வி. ஆனாலும் கல்வெட்டில் பெயரை மட்டும் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு, முதல் தடவையாகத் திண்ணை தெரிந்திருக்கிறது. இதே மாதிரி வேறொரு முறையும் உண்டு. சுவீடனில் உப்சாலாவில் 2006-இல் செம்மைப்படுத்தியது. இரண்டு எதிர்ப்பொருளிலும் டிஎன்ஏ நூலைக் கட்டிவிட்டு, அருகருகே இருந்தால் மட்டும் நூல்கள் இணைந்து பெருகி ஒரு பொட்டாக ஒளிரும்படி செய்கிறார்கள். அதை வைத்து 2015-இல் ஆக்ஸ்போர்டு குழு, பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் ஆல்ஃபா சைனியூக்ளின் சிறு சிறு கூட்டமாகச் சேர்ந்திருப்பதைக் கண்டது. அதுவரை பழைய சாயங்களுக்குத் தெரியாத கூட்டம்.

இப்போது நம் நாட்டுக் கணக்குக்கு வருகிறேன். 1997-இல் சென்னை மருத்துவர்கள் திருப்போரூர் பகுதியில் வீடு வீடாகப் போய்ப் பார்த்த ஆய்வில், 60 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்றரைப் பேருக்கு மறதி நோய். 2023-இல் வெளியான அகில இந்திய ஆய்வில் அது நூற்றுக்கு 7.4. தலைக்கணக்காகச் சொன்னால் 88 லட்சம் பேர். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். அம்மாக்கள், அதுவும் நம் ஊர் மாதிரி ஊர்களில் இருக்கும் அம்மாக்கள். நான் மேலே சொன்ன ஆய்வுகளில் வந்த மூளைகள் எந்த நாட்டவருடையவை என்று பாருங்கள். ஜெர்மனி, அமெரிக்கா, பிரிட்டன். நம் சாப்பாடு வேறு, நம் சர்க்கரை நோய் வேறு, பள்ளிக்கூடம் பார்க்காத தலைமுறை வேறு. நம் மூளையில் திண்ணையில் உட்கார்ந்திருப்பது அதே ஆட்கள்தானா என்று யாராவது பார்க்க வேண்டாமா?

பார்க்க இடம் இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் டாக்டர் எஸ். கே. சங்கர் 1995-இல் மனித மூளை வங்கியைத் தொடங்கினார். உறவினர் சம்மதத்தோடு வரும் மூளையில் ஒரு பகுதியை ஃபார்மலினிலும், இன்னொரு பகுதியை மைனஸ் 80 டிகிரியிலும் வைத்து, கேட்கும் ஆராய்ச்சியாளர்களுக்குக் கொடுக்கிறார்கள். அங்கேயே பொதுமக்கள் பார்க்க மூளை அருங்காட்சியகமும் உண்டு. மகள் வீட்டுக்குப் போனபோது போய்ப் பார்த்தேன். ஒரு மூளையைக் கையில் வாங்கிப் பார்க்கவும் விட்டார்கள். ஒன்றேகால் கிலோவுக்குமேல் கனம். பக்கத்தில் நின்ற சின்னப் பையன், "இவருக்கு என்ன தெரியும்?" என்று அவன் அம்மாவிடம் கேட்டான். அவர் பெயர் எனக்குத் தெரியாது, அவர் வீட்டில் யாரோ கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். சென்னை ஐஐடியிலும் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் இருக்கிறது. 2024 டிசம்பரில் கருவில் இருக்கும் சிசுவின் மூளையை 5,132 ஏடுகளாகப் படமெடுத்து 'தரணி' என்ற பெயரில் உலகத்துக்கே திறந்துவைத்தார்கள். கருவி இல்லை, ஆள் இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன். மூளையை எடுத்தால் முகம் மாறாது. பின்பக்கமாகத் திறந்து தைத்துவிடுவார்கள், உடலைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள், காரியம் எல்லாம் வழக்கம்போல நடத்தலாம். கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. இறந்த சில மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிரயோஜனம். பெங்களூரு இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டருக்குமேல். மார்கழி மாதம் ராத்திரி இரண்டு மணிக்கு நான் போய்ச் சேர்ந்தால், அழுதுகொண்டிருக்கும்போது யாராவது ஒருவர் போனை எடுத்துப் பேசி வண்டி ஏற்பாடு செய்யவேண்டும். நான் எத்தனை படிவம் எழுதிவைத்தாலும் அந்த நேரத்தில் குடும்பம் சரி என்று சொல்லவேண்டும். அதனால்தான் உங்களிடம் கேட்டேன். என் முடிவை அறிவிப்பதாக இருந்தால் குழுவில் போட்டிருக்கவே மாட்டேன்.

சித்தி மகள் தனியாகப் போன் செய்து, "அக்கா, ஒனக்கும் அந்த மாதிரி வந்துடுச்சா?" என்று கேட்டாள். போன மாதம் வங்கியில் பணம் எடுக்கும் சீட்டில் தேதி போடும்போது வருஷம் மறந்துபோய் நின்றது உண்மை. டாக்டரிடம் போய்ப் பரீட்சை எழுதினேன். கடிகாரம் வரையச் சொன்னார், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார். கழித்தேன். இப்போதைக்கு ஒன்றும் இல்லை என்றார். பின்னால் வரலாம், வராமலும் போகலாம். வராமல் போனாலும் பரவாயில்லை. எடின்பரோவில் நோயில்லாத அந்த 9 பேர் கொடுத்திருக்காவிட்டால், 11 பேருடைய மூளையில் கண்டதை எதோடு ஒப்பிடுவது? எனக்கு எந்த வரிசையில் இடம் என்றாலும் சம்மதம்தான்.

படிவம் பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது. என் கையெழுத்துக்குக் கீழே இரண்டு கோடு காலி. மகள் ஒன்றில் போடுகிறேன் என்று சொல்லிவிட்டாள். பெரியவன் பொங்கலுக்கு வருகிறான். தம்பி, நீயும் வா. வீராணம் இந்த வருஷம் நிரம்பியிருக்கிறது, அம்மா சொல்லிக்கொடுத்த மதகுகளை உனக்கு வரிசையாகச் சொல்ல முடிகிறதா என்று பார்ப்போம். எனக்கு மூன்றுதான் ஞாபகம் இருக்கிறது.

அன்புடன்
உங்கள் டீச்சர்,
காட்டுமன்னார்கோயில்